ஏரி நாட்டின் அமைதிச் சாலைகள்

ஆங்கிலப் பாடவேளையில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்ஸ்’ கவிதையை மனப்பாடம் செய்து ஒப்பிக்காத மாணவி நம்மிடையே அரிது. ஏரிக்கரையில் காற்றிலே தலையசைத்து ஆடிய அம்மஞ்சள் மலர்களை நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் நெடுநாள் பழகியவைபோல் அவற்றைப் பற்றித் தேர்விலே பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறோம். அந்த ஏரி எங்கே இருக்கிறது, அங்கே எப்படிச் செல்வது என்று கேட்டால்தான் விழிப்போம். இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியா மாவட்டத்தில், ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’ எனப்படும் ஏரி நாட்டில் அது இருக்கிறது. அந்நாட்டைச் சுற்றிப் பார்க்கக் காரைவிட மிதிவண்டியே ஏற்றது என்பது நம் கருத்து. எந்தச் சாலைகள் மிதிவண்டிக்கு அமைதியானவை, அவை ஏன் அமைதியாக இருக்கின்றன என்பதை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

ஏரி நாடு 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பரப்பு 2,362 சதுர கிலோமீட்டர். இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக் இங்கேதான் இருக்கிறது. உயரம் 978 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்தால் இது ஒரு குன்று என்றே நமக்குத் தோன்றும். அப்படி ஏளனமாக எண்ண வேண்டாம். உயரம் குறைவுதான், செங்குத்து குறைவல்ல. இதை மிதிவண்டியில் ஏறிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏரி நாடு என்று பெயர் பெற்ற இப்பகுதியில் ‘லேக்’ என்று முடியும் பெயருடைய பெரிய ஏரி ஒன்றே ஒன்றுதான். அது பாசன்த்வெயிட் லேக். மற்றவற்றிற்கெல்லாம் ‘மியர்’ என்றோ ‘வாட்டர்’ என்றோதான் பெயர் முடியும். விண்டர்மியர், பட்டர்மியர், அல்ஸ்வாட்டர், டெர்வென்ட்வாட்டர் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சக்கரமும் ஆரங்களும்

கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இந்நாட்டுக்கு ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். நடுவிலுள்ள உயர்ந்த மலைகளின் மேலே மேகம் ஒன்றில் நின்று கீழே நோக்கினால், பள்ளத்தாக்குகள் சக்கரத்தின் குடத்திலிருந்து கிளம்பும் ஆரக்கால்களைப்போல் எல்லாத் திசைகளிலும் பிரிந்து செல்வதைக் காணலாம் என்று அதில் விளக்குகிறார். மிதிவண்டி இன்றைய உருவில் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு இந்த உவமை தோன்றியது வியப்புத்தான்!

இப்படிப் பள்ளத்தாக்குகள் அமைந்ததற்குக் காரணம் பனியாறுகள். பனியூழிக் காலத்தில் நடுமலைகளில் திரண்ட பனி நாலாபுறமும் மெல்ல மெல்ல நகர்ந்து, பள்ளங்களை ‘யு’ வடிவத்தில் அகழ்ந்தது. பனி உருகிய பின் ஆழமாகக் குடையப்பட்ட இடங்களில் நீர் தேங்கிற்று. அவையே நீண்டு ஒடுங்கிய இந்த ஏரிகள். வாஸ்ட்வாட்டர் என்னும் ஏரி ஏறத்தாழ 75 மீட்டர் ஆழமுடையது. இங்கிலாந்தில் இதைவிட ஆழமான ஏரி இல்லை. லோஸ்வாட்டர் என்ற சிற்றேரி மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரி. மற்ற ஏரிகளின் நீர் வெளியே கடலை நோக்கி ஓட, இதன் நீர் மலைநாட்டின் உட்புறம் நோக்கி ஓடிக் கிரம்மக் வாட்டரில் கலக்கிறது.

இனி இதைச் சாலைகளோடு பொருத்திப் பாருங்கள். ஓர் ஆரக்காலின் வழியே உள்ளே போகும் சாலை, பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் மலைச்சுவரில் முட்டி நின்றுவிடும். அல்லது செங்குத்தான கணவாய் ஒன்றின்மேல் ஏறி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கும். முட்டி நிற்கும் சாலையில் அங்கேயே வாழும் குடியானவர்களையும் சில விருந்தினரையும் தவிர யாரும் வருவதில்லை, அதனால் அமைதி. கணவாய்ச் சாலையில் பேருந்தும் சரக்கு வண்டியும் ஏற அஞ்சும்; அதனால் ஓரளவு அமைதி. இவையிரண்டும் இயற்கை தந்த அமைதி. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது மனிதர் போராடிக் காத்த அமைதி. அதற்குப் பின்னர் வருவோம்.

வரைபடம் காட்டும் வழி

ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் ஏரி நாட்டுக்கு வருகிறார்கள். பூங்காவின் எல்லைக்குள் நிலையாகக் குடியிருப்போரோ நாற்பதாயிரம் பேர் அளவே. வருவோரில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். அப்படியிருக்க அமைதியான சாலை எங்கே கிடைக்கும் என்று ஐயுறலாம். கார்கள் எல்லாச் சாலைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. கெசிக், கிராஸ்மியர், ஆம்பிள்சைடு, விண்டர்மியர் ஆகிய ஊர்களை இணைக்கும் ‘ஏ 591’ போன்ற பெருஞ்சாலைகளில் அவை எறும்புச்சாரிபோல் செல்லும். அரை மைல் தள்ளி இணையாக ஓடும் சிறுசாலையில் ஆடு மட்டுமே நிற்கும்.

அச்சிறுசாலையைக் கண்டுபிடிக்கப் பூகோள வகுப்பில் நாம் கற்ற பாடமே போதும். பிரிட்டனின் நில அளவைத் துறை 50,000க்கு 1 என்ற அளவில் வரைபடங்களை வெளியிடுகிறது. தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். அதில் பெருவழிகள் நீலத்திலும், முக்கிய ‘ஏ’ சாலைகள் பச்சையிலும், மற்ற ‘ஏ’ சாலைகள் சிவப்பிலும், ‘பி’ சாலைகள் ஆரஞ்சிலும் இருக்கும். எந்த வகுப்பிலும் சேராத சிறுசாலைகளுக்கு மஞ்சள் நிறம். அம்மஞ்சளிலும் ஒல்லியான கோடு ஒன்று உண்டு. நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள சாலை என்பது அதன் பொருள். மிதிவண்டிக்காரர் தேட வேண்டியது இந்த ஒல்லி மஞ்சள் கோட்டைத்தான். அந்நாட்டில் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கமாகச் செல்வது வழக்கம் என்பதும் நமக்கு ஓர் அனுகூலம்.

மஞ்சள் கோடு என்று கண்டவுடன் துள்ளிக் குதித்துவிடவும் கூடாது. கோட்டின்மேல் சிறு அம்புத் தலைகள் உண்டா என்று உற்று நோக்க வேண்டும. ஒற்றை அம்பு என்றால் 7க்கு 1 முதல் 5க்கு 1 வரையான ஏற்றம். இரட்டை அம்பு என்றால் 5க்கு 1 அல்லது அதைவிடக் கடுமை. 5க்கு 1 என்பது என்ன? ஐந்து மீட்டர் முன்னே நகர்ந்தால் ஒரு மீட்டர் மேலே ஏறியிருப்போம். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும். சம உயரக் கோடுகள் பத்து மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். அவை நெருங்கி நெருங்கி வந்தால் ‘இங்கே வியர்க்கும்’ என்று வரைபடம் நமக்குச் சொல்கிறது. தேர்வுக்காக மட்டும் சம உயரக் கோடு படிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க!

டெர்வென்ட்வாட்டரின் மேற்குக் கரை

முதலில் எளிய வழி ஒன்று. கெசிக் நகரிலிருந்து போர்ட்டின்ஸ்கேல் சிற்றூர் வழியாக, டெர்வென்ட்வாட்டரின் மேற்கே, கேட்பெல்ஸ் என்னும் குன்றின் அடிவாரத்தைத் தழுவியபடி கிரேஞ்ச் கிராமம் வரை ஒரு சிறுசாலை செல்கிறது. கிரேஞ்சில் ஆற்றைக் கடக்க இரட்டை வளைவுடைய அழகிய கல்பாலம் உண்டு. அதைக் கடந்து கிழக்குக் கரையின் ‘பி’ சாலை வழியே திரும்பி வந்தால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகும். ஏரியை முழுதாகச் சுற்றியாயிற்று. மேற்குப் பக்கம் உயரத்தில் செல்வதால் கீழே ஏரியும் அதன் தீவுகளும் தட்டில் வைத்ததுபோல் தெரியும். விடுமுறை நாள்களில் கேட்பெல்ஸ் ஏற வருவோரின் கார்கள் சாலையோரத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே காலை உணவுக்கு முன்பே புறப்படுவது நல்லது.

இங்கேதான் மூன்றாவது வகை அமைதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹானிஸ்டர் கணவாயில் பலகைக்கல் சுரங்கங்கள் உண்டு; கூரை வேயப் பயன்படும் பசுமை கலந்த கல் அங்கே கிடைக்கிறது. அக்கல்லைக் கீழே கொண்டுவர 1883இல் ஓர் இரயில் பாதைத் திட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பிரெய்த்வெயிட் ஊரிலிருந்து டெர்வென்ட்வாட்டரின் மேற்குப் பக்கமாக, நாம் இப்போது மிதிவண்டியில் கடந்த இதே பகுதியின் வழியாக, அந்தப் பாதை செல்வதாக இருந்தது. ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு அதை எதிர்த்து நாடெங்கும் கடிதம் எழுதி ஆதரவு திரட்டினார். திட்டம் கைவிடப்பட்டது. அவரே 1895இல் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணியோடும் ராபர்ட் ஹன்டர் என்ற வழக்கறிஞரோடும் சேர்ந்து ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற அமைப்பை நிறுவினார். இலண்டன் ஏழைகளுக்கு நல்ல வீடு கிடைக்கப் பாடுபட்டவர் ஆக்டேவியா. அடைசலான தெருக்களில் வாழ்வோருக்கு மூச்சுவிடத் திறந்த வெளி வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த உறுதி இவ்வமைப்பின் உயிர்நாடி எனலாம்.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமைதியைக் காப்பது என்ற பெயரில் ஏழைகளை வெளியே நிறுத்தும் ஆபத்தும் இருக்கிறது. 1844இல் விண்டர்மியருக்கு இரயில் கொண்டுவரும் திட்டத்தை வேர்ட்ஸ்வொர்த் எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர்கள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கினால் அவர்களுக்கும் பயன் இராது, இடமும் கெடும் என்பது அவர் வாதம். பெரிய கவிஞர்தான், ஆயினும் இந்த இடத்தில் அவரோடு நம்மால் உடன்பட இயலவில்லை. இரயில் 1847இல் வந்தது, தொழிலாளர்களும் வந்தார்கள். 1902இல் டெர்வென்ட்வாட்டர் கரையிலுள்ள பிராண்டல்ஹவ் என்ற காட்டுநிலத்தை எல்லாருக்கும் பொதுவாக்க நேஷனல் டிரஸ்ட் நிதி திரட்டியபோது, செல்வரோடு தொழிற்சாலைகளில் உழைத்த எளியவர்களும் தங்கள் சில்லறைக் காசுகளை அனுப்பினார்கள். கவிஞரின் ஐயத்துக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்? ஏரி நாட்டில் டிரஸ்ட் முதன்முதல் வாங்கிய நிலம் அதுவே. நம் சாலைக்கும் ஏரிக்கும் இடையே இன்றும் அக்காடு பசுமையாக நிற்கிறது. யாரும் உள்ளே போகலாம்.

இரண்டு கணவாய்களின் வழி

கால்வலிமை உள்ளவர்களுக்கு நியூலேண்ட்ஸ் – ஹானிஸ்டர் வழி. கெசிக்கிலிருந்து நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, 333 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயைக் கடந்து, பட்டர்மியர் கிராமத்தில் இறங்கி, ஏரிக்கரையோடு சென்று, 356 மீட்டர் உயர ஹானிஸ்டரில் ஏறி, போரோடேல் வழியே கெசிக் திரும்ப வேண்டும். தொலைவு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஹானிஸ்டரின் சரிவு சில இடங்களில் 4க்கு 1.

இங்கே மிதிவண்டியின் கியரைப் பற்றி ஒரு சொல். நம் மாநிலத்தில் அரசு பதினோராம் வகுப்பு மாணவியர்க்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டிக்குக் கியர் கிடையாது. முன்பல்சக்கரம் ஒன்று, பின்பல்சக்கரம் ஒன்று. சமதரைக்கு அது போதும். 4க்கு 1 ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது. இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கியர் வண்டியில் முன்னே சிறிய பல்சக்கரத்துக்கும் பின்னே பெரிய பல்சக்கரத்துக்கும் செயினை மாற்றிக்கொள்ளலாம். அப்போது மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் ஏறக்குறைய ஒரு சுற்றே சுற்றும். வேகம் குறையும், மிதிக்க வேண்டிய விசையும் குறையும். இயற்பியலில் நெம்புகோலுக்குச் சொல்லும் அதே கணக்குத்தான். ஏற்றம் தொடங்கிய பின் மூச்சு வாங்கும்போது கியரை மாற்ற முயன்றால் செயின் கழன்றுவிடும். ஏற்றத்துக்குச் சற்று முன்னரே மாற்றிவிட வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் தேவை. ஹானிஸ்டரிலிருந்து சீட்டோலர் நோக்கிய இறக்கம் மிகக் கடுமை. பிரேக்கை இறுகப் பிடித்தபடியே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறும். விட்டு விட்டு, இரண்டு பிரேக்குகளையும் பயன்படுத்த வேண்டும். மழையில் நனைந்த விளிம்பில் பிரேக் உடனே பிடிக்காது என்பதையும் மறக்கலாகாது. ஆடுகள் வேறு. மலைச்சரிவுகளில் வேலி கிடையாது. ‘ஹெர்ட்விக்’ என்னும் சாம்பல் நிற ஆடுகள் சாலையின் நடுவே படுத்திருக்கும், மணி அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. அவை ஊருக்குள் இறங்காதிருக்கச் சாலையின் குறுக்கே பள்ளம் தோண்டி இரும்புக் கம்பிகளை இடைவெளிவிட்டுப் பதித்திருப்பார்கள். ஆட்டின் குளம்பு அதன்மேல் நிற்காது. மிதிவண்டிக்காரர் நேராகப் பிடித்து, திருப்பாமல், பிரேக் போடாமல் அதைக் கடக்க வேண்டும். குறுக்காகத் திருப்பினால் ஈரக்கம்பியில் சக்கரம் வழுக்கிவிடும்.

இவ்வளவும் சொன்னது அச்சுறுத்த அல்ல. நியூலேண்ட்ஸ் கணவாயின் உச்சியில் அருவி ஒன்று விழும் ஓசையைத் தவிர வேறு ஒலியே கேளாத வேளைகள் உண்டு. அந்த நேரத்துக்காக எவ்வளவு தள்ளினாலும் தகும்.

ஹார்ட்னாட் என்ற கணவாயைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அங்கே ஏற்றம் 3க்கு 1. இங்கிலாந்தின் மிகச் செங்குத்தான சாலைகளில் அது ஒன்று. உச்சிக்கு அருகே உரோமானியப் படையினர் ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டிய கோட்டையின் சுவர்கள் இன்றும் இருக்கின்றன. கோடைவிடுமுறையில் அக்குறுகிய சாலையில் கார்கள் எதிரெதிரே வந்து திண்டாடும். எனவே பேர்தான் பெரிது. அமைதி தேடுவோர்க்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

படகில் ஏறும் மிதிவண்டி

தெற்கே உள்ள விண்டர்மியர், 17 கிலோமீட்டர் நீளமுடைய, இங்கிலாந்தின் மிகப்பெரிய ஏரி. அதன் கிழக்குக் கரை முழுதும் நெரிசல். பௌனஸ் அருகே இரும்பு வடத்தால் இழுக்கப்படும் படகு ஒன்று கார்களையும் மனிதரையும் மிதிவண்டிகளையும் மறுகரை சேர்க்கிறது. சில நிமிடப் பயணம்தான். மேற்குக் கரையில் இறங்கியதும் உலகமே மாறிவிடும்.

சற்றுத் தூரம் ஏறினால் நியர் சாரி கிராமம். ‘பீட்டர் ராபிட்’ கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1905இல் இங்கே ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். பிறகு தம் புத்தக வருவாயைக் கொண்டு பண்ணை மேல் பண்ணையாக வாங்கினார். பிளவுபட்டு மாளிகைகளாகவும் விடுதிகளாகவும் ஆகிவிடாமல் நிலம் நிலமாகவே இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பில் அவர் பெரிய நிபுணர். 1943இல் அவர் இறந்தபோது நான்காயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் நேஷனல் டிரஸ்டுக்குச் சென்றது. முயல்குட்டிக் கதை காத்த நிலத்தின் ஊடே நாம் மிதிவண்டியில் போகிறோம் என்று சொன்னால் மிகையாகாது.

அப்பால் ஹாக்ஸ்ஹெட், வேர்ட்ஸ்வொர்த் சிறுவனாகப் படித்த பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஒரு மேட்டைக் கடந்தால் கானிஸ்டன் வாட்டர். இந்த ஏரியின் மேற்கே பெருஞ்சாலை, கிழக்கே மரநிழல் நிறைந்த சிறுசாலை. கிழக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சாலையில்தான் பிராண்ட்வுட் என்ற இல்லம். ஜான் ரஸ்கின் என்ற அறிஞர் 1872 முதல் 1900இல் மறையும் வரை அங்கே வாழ்ந்தார். அவருடைய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற நூலைக் காந்தியடிகள் 1904இல் தென்னாப்பிரிக்காவில் இரயிலில் படித்து, உறக்கமின்றித் தம் வாழ்வையே மாற்றிக்கொள்ள முடிவு செய்தார். பின்னர் அதைக் குஜராத்தியில் தந்தபோது ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். நம் ஊர்க் கடைப்பலகைகளில் காணும் அச்சொல்லின் ஒரு வேர் இந்த ஏரியோரம் வாழ்ந்தவரின் பேனாவில் இருக்கிறது.

இதே ஏரியில் டொனால்டு கேம்ப்பெல் என்பவர் 1967 சனவரி 4ஆம் நாள் நீரின்மேல் வேகச் சாதனை படைக்க முயன்று, மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் படகு புரண்டு உயிரிழந்தார். அவர் உடல் 2001இல்தான் மீட்கப்பட்டது. அவ்வளவு வேகம் கண்ட நீரின் கரையில் இன்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் மிதிவண்டி செல்கிறது. ஏரியின் தென்முனை வரை சென்று, காட்டுவழியாகக் கிரைஸ்டேல் ஏறி ஹாக்ஸ்ஹெட் திரும்பலாம்.

தோற்ற போராட்டத்தின் ஏரியையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். மான்செஸ்டர் நகருக்குக் குடிநீர் தரத் தர்ல்மியர் பள்ளத்தாக்கில் அணை கட்டப்பட்டது. எதிர்ப்புகளை மீறி 1894இல் தண்ணீர் போயிற்று. ஏறத்தாழ 154 கிலோமீட்டர், எந்திரம் ஏதுமின்றிச் சரிவிலேயே ஓடுகிறது. அப்போது மேற்குக் கரையில் போடப்பட்ட சாலை, மிதிவண்டிக்கு மிக அமைதியானது. ஆனால் 2021 நவம்பர் புயலுக்குப்பின் பாறைச் சரிவு அச்சத்தால் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. போகுமுன் விசாரித்துக்கொள்க.

மலர்கள் ஆடிய கரை

டாஃபடில்ஸ் ஆடியது அல்ஸ்வாட்டரின் மேற்குக் கரையில். 1802 ஏப்ரல் 15ஆம் நாள் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரத்தியும் கடுங்காற்றில் அவ்வழியே நடந்து வந்தார்கள். அன்று கண்டதை டாரத்தி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அண்ணன் கவிதை எழுதியது இரண்டாண்டு கழித்து, 1804இல், அச்சானது 1807இல். டாரத்தியின் குறிப்பும் அண்ணனின் கவிதையும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைப் படித்தவர்கள் வியப்பார்கள். அந்த டாரத்தியே 1818இல் மேரி பார்க்கர் என்ற தோழியோடு ஸ்கேஃபெல் பைக் சிகரத்தில் ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம், அவர் பெயரில்லாமலே, அண்ணனின் வழிகாட்டி நூலில் இடம்பெற்றது. ஆங்கில வகுப்பில் இக்கவிதை வரும்போது தங்கையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நம் ஆசிரியைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

மலர் கண்ட மேற்குக் கரையில் இப்பொழுது ‘ஏ 592’ செல்கிறது. குறுகிய சாலை, நிறையக் கார்கள், மிதிவண்டிக்கு உகந்ததன்று. கவிதைக்காக அங்கே போகத்தான் வேண்டும் என்பவர்கள் விடியற்காலையில் போகலாம். நம் ஒல்லி மஞ்சள் கோடு எதிர்க்கரையில் இருக்கிறது. பூலி பிரிட்ஜ் ஊரிலிருந்து ஹவ்டவுன் வரை நீரோரமாகச் சென்று, அங்கே மலைப்பாம்புபோல் வளைந்து ஏறி, மார்ட்டின்டேல் பள்ளத்தாக்கில் முட்டி நின்றுவிடும் சாலை அது. அங்கே பழைய கற்கோயில் ஒன்றும், அதன் முற்றத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் யூ மரமும் உள்ளன. போன வழியே திரும்ப வேண்டும் என்பதால் கார்க்காரர்களுக்கு இதில் ஆர்வமில்லை. ஏரியின் மறுபக்கமோ போகும்போது ஒரு காட்சி, வரும்போது வேறொரு காட்சி.

மழையும் பழைய இரயில் பாதையும்

ஏரிகள் இத்தனை இருந்தால் மழை இல்லாமலா? போரோடேலிலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிகுதியாக மழை பெறுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர்; சென்னைக்கு 1,400தான். நம் ஊர்போல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையன்று. தூறித் தூறியே நாளைக் கழிக்கும். குளிரும் சேர்ந்துகொள்ளும். மழைச்சட்டையும் கம்பளிக் கையுறையும் இல்லாமல் யாரும் கணவாய் ஏறக்கூடாது.

2015 டிசம்பரை நம்மில் யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி அடையாறு ஊருக்குள் புகுந்த அதே வாரத்தில், ஏரி நாட்டையும் ‘டெஸ்மண்ட்’ என்ற புயல் தாக்கியது. ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் பெய்தது. பிரிட்டன் அதுவரை அத்தகைய மழையைப் பதிவு செய்ததில்லை. பூலி பிரிட்ஜின் பழைய கல்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அவ்விடத்தில் 2020இல் துருப்பிடிக்காத எஃகுப் பாலம் வந்தது.

மிதிவண்டிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு கெசிக் – த்ரெல்கெல்ட் பாதை. 1860களில் தாமஸ் பௌச் என்ற பொறியாளர் அமைத்த இரயில் வழி அது. அவர் பெயர் வரலாற்றில் நிற்பது ஒரு துயரத்தால். அவர் கட்டிய டே ஆற்றுப் பாலம் 1879இல் புயலில் சரிந்து இரயிலோடு ஆற்றில் விழுந்தது. ஆனால் கிரீட்டா ஆற்றின்மேல் அவர் அமைத்த சிறு பாலங்கள் நூறாண்டுக்கு மேல் இரயில்களைச் சுமந்தன. 1972இல் இரயில் நின்றது. தண்டவாளம் அகற்றப்பட்ட பாதை நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் ஆயிற்று. கடலிலிருந்து கடலுக்கு, ஏறத்தாழ 225 கிலோமீட்டர் செல்லும் ‘ஸீ டு ஸீ’ மிதிவண்டி வழியின் ஒரு பகுதியாகவும் 1994 முதல் விளங்கியது. 2015 வெள்ளம் இரண்டு பாலங்களையும் பாதையின் சில பகுதிகளையும் கொண்டுபோய்விட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. 1970களில் ‘ஏ 66’ பெருஞ்சாலை போடும்போது மண்ணிட்டு மூடப்பட்டிருந்த பழைய இரயில் குகையையும் அப்போது தோண்டி எடுத்தார்கள். முன்பு குகைக்கு மாற்றாகப் பாதை மேலேறி இறங்க வேண்டியிருந்தது. இப்போது பெருஞ்சாலையின் அடியிலேயே நேராகப் போகலாம். தளம் கெட்டியாக இடப்பட்டிருப்பதால் சக்கர நாற்காலியில் வருவோரும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும், முதன்முதல் மிதிவண்டி பழகும் சிறுமியரும் இதில் செல்கிறார்கள். தளம் இவ்வளவு வழவழப்பாக வேண்டுமா, இயற்கை கெடாதா என்று சிலர் குறைசொன்னதும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்களை நினைத்தால் அக்குறையை நாம் ஏற்க முடியவில்லை. தொலைவு ஐந்து கிலோமீட்டர். இரயிலுக்காக அமைத்த வழியாதலால் ஏற்றமும் மிக மெல்லியது. கியரில்லாத நம் மிதிவண்டியே போதும். ஆற்றை மீண்டும் மீண்டும் கடந்து செல்லும் அப்பாதைக்குக் கெசிக்கில் பழைய இரயில் நிலையக் கட்டடத்தருகே நுழைய வேண்டும். நடைமேடை இன்றும் அப்படியே இருக்கிறது.